ஒரு மீன் ஒரு வரியாகும் வரை

கொட்டிவாக்கம் குப்பத்தில் கூறுபோட்டு விற்கும் காணாங்கத்தை ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சீசியம்-137 இருக்கிறது. இதைப் படித்துவிட்டு மீனை ஒதுக்க வேண்டாம். ஜப்பானில் பிடித்தாலும் நார்வேயில் பிடித்தாலும் இருக்கும். வல்லரசுகள் 1963-ல் மாஸ்கோவில் பகுதித் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்வரை வானத்தில் வெடித்துப் பார்த்த குண்டுகளின் எச்சம் அது. பிரான்சும் சீனாவும் அதற்குப் பிறகும் வெடித்துக்கொண்டுதான் இருந்தன. சீசியம்-137-ன் அரை ஆயுள் சுமார் 30 ஆண்டு. அன்று விழுந்ததில் கால்வாசி இன்னும் பாக்கி.

பாக்கி என்றாலும் அது மிகச் சொற்பம். நம் பக்கத்துக் கடல்மீனில் கிலோவுக்கு 0.1 பெக்கரல் என்று வைத்துக்கொள்ளலாம். பத்து விநாடிக்கு ஓர் அணு சிதைகிறது என்று அர்த்தம். அதே ஒரு கிலோ சதையில் இயற்கையாகவே இருக்கும் பொட்டாசியம்-40, விநாடிக்கு நூறு முறை சிதைந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, கவலைப்படத் தேவையும் இல்லை. நம் உடம்புக்குள்ளேயே விநாடிக்கு நாலாயிரம் முறை அது நடக்கிறது.

அந்தப் பத்து விநாடிக்கு ஒன்றை யாராவது அளக்கிறார்களா, அளந்த எண் எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி.

கேட்பதற்குக் கொட்டிவாக்கம் பொருத்தமான ஊர். 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த ஊர் இது. கிழக்கே கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாயைத் தாண்டினால் ஓஎம்ஆர். அங்கே கண்ணாடிக் கட்டடங்களில் உட்கார்ந்து உலகத்து வங்கிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் தரவுத்தளம் பராமரிக்கும் பெருங்கூட்டம். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான். டெக்சாஸில் ஒருவர் பல் பிடுங்கிய பில் எந்த சர்வரில் எந்த வரியில் இருக்கிறது என்று இங்கிருந்தே சொல்லிவிடலாம். இரண்டு தெரு தள்ளி விற்கிற மீனின் கதிரியக்க எண் எந்த வரியில் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

காரணங்களில் ஒன்று பூகோளம். இங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 45 கிலோமீட்டர் தெற்கே கல்பாக்கம். அணுமின் நிலையத்தைச் சுற்றி 30 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் நீர், மண், காற்று, பால், அரிசி, மீன் எல்லாவற்றையும் சோதிக்கிறது பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் சுற்றுச்சூழல் ஆய்வகம். கொட்டிவாக்கம் அந்த வட்டத்துக்கு வெளியே. மீனுக்கு வட்டம் தெரியாது. தென்மேற்குப் பருவத்தில் கரையோர நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது, வடகிழக்குப் பருவத்தில் திரும்பிக்கொள்கிறது.

ஆகவே, எண்ணாகும் வரை நாம் பின்தொடரப்போகும் மீனை வட்டத்துக்குள்ளேயே வாங்குவோம். சதுரங்கப்பட்டினத்தில், அந்த டச்சுக் கோட்டைக்குப் பக்கத்துக் கரையில், ஏழெட்டு கிலோ காணாங்கத்தை.

முதலில் ஒரு விஷயம். இந்த ஆய்வகம் உலைக்கு மூத்தது. கல்பாக்கத்தின் முதல் உலை 1983 ஜூலையில்தான் உயிர்பெற்றது; அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அந்தக் கரையின் மண்ணும் தண்ணீரும் அளக்கப்பட்டு வந்தன. உலை வருவதற்கு முன் என்ன இருந்தது என்று தெரியாமல், வந்த பின் என்ன கூடியது என்று சொல்ல வழியில்லை. இதை அன்றே யோசித்துச் செய்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். கண்காணிக்க வேண்டிய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமோ அதே ஆண்டு நவம்பர் 15-ல் பிறந்தது. உலை ஜூலையில், காவலர் நவம்பரில்.

இனி மீன். தலையையும் குடலையும் நீக்கி, கழுவி, தண்ணீர் வடியவிட்டு, சதையை முள்ளிலிருந்து பிரிக்கிறார்கள். குழம்பில் நாம் தின்பது சதை என்பதால் அது தனியாக. ஸ்ட்ரான்சியம்-90 எலும்பில் போய் உட்காரும் குணமுள்ளது என்பதால் முள்ளைத் தனியாகப் பார்ப்பதும் உண்டு. சதையை எடை போட்டு எழுதிக்கொள்கிறார்கள். ஐந்து கிலோ என்று வைப்போம். இது ஈர எடை. பிறகு 110 டிகிரியில் அடுப்பில் வைத்து ஈரத்தை ஓட்டுகிறார்கள். மீண்டும் எடை, இது உலர் எடை. அடுத்து மஃபிள் உலை. சூட்டை மெதுவாக ஏற்றி 450 டிகிரி அளவில் நிறுத்த வேண்டும். அவசரப்பட்டு அதற்கு மேலே கொண்டுபோனால் சீசியம் ஆவியாகத் தொடங்கிவிடும். எதைத் தேடுகிறோமோ அது புகைபோக்கி வழியே போய்விடும். கறுப்புக் கரி போய் வெளிர் சாம்பல் வரும்வரை எரிக்கிறார்கள். ஐந்து கிலோ மீன் கடைசியில் அறுபது எழுபது கிராம் தூளாக ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் அடங்கிவிடுகிறது. மறுபடி எடை. இது சாம்பல் எடை.

டப்பா, தடித்த ஈயச் சுவருக்குள் இருக்கும் ஜெர்மானியம் டிடெக்டரின் தலையில் உட்காருகிறது. டிடெக்டரின் படிகத்தைத் திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரிக்குக் குளிர்வித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஈயம் எதற்கு? சுவரின் செங்கல், தரையின் கிரானைட், நிற்கிற ஆளின் உடம்பு எல்லாமே கதிர்வீசுபவை. அவற்றை வெளியே நிறுத்த. கதவை மூடிவிட்டு, ஓர் இரவு முழுக்க, சிலசமயம் ஒரு நாளுக்கும் மேலாக எண்ண விடுகிறார்கள். திரையில் 1,461 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் ஒரு முகடு சீக்கிரமே எழும்பி நிற்கும்; அது பொட்டாசியம்-40. நாம் தேடுவது 662-ல். அங்கே முகடு வருமா வராதா என்றே முதலில் தெரியாது. சாம்பலில் நடக்கும் சிதைவுகளில் நூற்றுக்குச் சிலவற்றைத்தான் டிடெக்டர் பார்க்கிறது. காலையில் வந்து பார்த்தால் பின்னணி இரைச்சலுக்கு மேலே சில நூறு எண்ணிக்கை நிற்கலாம். அல்லது ஒன்றும் நிற்காமல் போகலாம்.

நின்றது என்றே கொள்வோம். கணக்குப் போட்டால் சாம்பலில் கிலோவுக்கு 7, 8 பெக்கரல் என்று வரும். அதையே ஈர எடைக்குத் திருப்பினால் 0.1. மீன் ஒன்று, அளவு ஒன்று, எண் மட்டும் எழுபது மடங்கு வேறு. இரண்டுக்கும் கீழே எழுதுவதோ ஒரே அலகு: பெக்கரல், ஒரு கிலோவுக்கு.

இத்தகைய எண்களை எல்லோரும் பார்க்கும் ஒரு பொதுத் தரவுத்தளத்தில் சேர்க்க வேண்டும் என்பது என் முதல் கோரிக்கை. அதைப் பேச ஆரம்பித்ததும் இந்த இடத்தில்தான் முதல் பள்ளம். ஓர் ஆய்வகம் சாம்பல் எடையில் எழுதுகிறது, ஒரு பல்கலைக்கழக ஆய்வேடு உலர் எடையில், இன்னொன்று ஈர எடையில். மூன்றையும் ஒரே பத்தியில் கொட்டினால், சாம்பல் எடைக்காரர் கரையில் மட்டும் பேராபத்து இருப்பதுபோல வரைபடம் சிவந்துவிடும். ஈர எடைக்காரர் கரையில் சொர்க்கம். மென்பொருள் இதைக் கண்டுபிடிக்காது. மூன்று எடைகளையும் மூன்று கட்டங்களில் எழுதி வைத்த நோட்டுப் புத்தகம் கையில் இருந்தால்தான் திருத்த முடியும். பழைய நோட்டு என்றால் இன்னொரு கஷ்டம்: 1970-களின் அளவுகள் பிக்கோகியூரியில் இருக்கும். ஒரு பிக்கோகியூரி 0.037 பெக்கரல். காற்றில் எடுத்த அளவு மைக்ரோ ராண்ட்ஜனில் இருக்கும்.

தேதிக்கும் இதே கதை. மீன் பிடித்த நாள், எரித்த நாள், எண்ணிய நாள் என்று மூன்று இருக்கின்றன. சீசியத்துக்கு அதனால் பாதகமில்லை. பாலில் அயோடின்-131 பார்க்கிறவருக்கு அது உயிர்நாடி. அதன் அரை ஆயுள் 8 நாள். கறந்து 16 நாள் கழித்து எண்ணினால் இருந்ததில் கால்வாசிதான் தெரியும். எண்ணைக் கறந்த நாளுக்குத் திருப்பிக் கணக்கிட்டார்களா இல்லையா என்பது வரியிலேயே இருக்க வேண்டும். பின்னால் யாரையாவது கேட்டுக்கொள்ளலாம் என்றால், அந்த ஆள் ஓய்வுபெற்றிருப்பார்.

ஆனால் இவை எல்லாமே சில்லறை. பெரிய வில்லங்கம், 662-ல் முகடு நிற்காத காலையில் பிறக்கிறது.

முகடு இல்லை என்றால் சீசியம் இல்லை என்று பொருளல்ல. அந்த டிடெக்டர், அத்தனை சாம்பலை, அத்தனை நேரம் பார்த்ததில் இன்ன அளவுக்கு மேல் இல்லை என்றுதான் பொருள். அந்த 'இன்ன அளவு'தான் கண்டறியும் வரம்பு. ஆய்வகத்தில் 'பி.டி.எல்.' என்று மூன்று எழுத்து போடுவார்கள், வரம்புக்குக் கீழே என்று. நல்ல நோட்டில் அதற்குப் பக்கத்தில் வரம்பும் எழுதியிருக்கும். அறிக்கைக்குப் போகும்போது வரம்பு உதிர்ந்து மூன்று எழுத்து மட்டும் மிஞ்சும். அதைக் கணினியில் ஏற்றுகிறவர் முன்னால் மூன்று வழி. கட்டத்தை வெறுமையாக விடலாம். அப்போது சோதித்துக் கிடைக்கவில்லை என்பதும் சோதிக்கவே இல்லை என்பதும் ஒன்றாகிவிடும். பூஜ்யம் போடலாம்; அது பொய், அந்தப் பத்து விநாடிக்கு ஒன்றை அழித்துவிடுகிறது. வரம்பில் பாதியைப் போடலாம். புள்ளியியல்காரர்கள் சிலர் செய்வது. இதில் ஒரு வேடிக்கை நடக்கும். பத்தாண்டு கழித்து ஆய்வகம் நல்ல டிடெக்டர் வாங்கும். வரம்பு குறையும். பாதியாகப் போட்ட எண்களும் குறையும். வரைபடத்தில் கதிரியக்கம் படிப்படியாக இறங்குவதுபோல ஓர் அழகான கோடு வரும். கடலில் எதுவும் மாறியிருக்காது. கொள்முதல் பிரிவு புதுக் கருவி வாங்கியிருக்கும், அவ்வளவுதான்.

கணினித் தொழிலில் இருந்தவர்களுக்கு வெறுமைக்கும் பூஜ்யத்துக்கும் உள்ள வித்தியாசம் ரத்தத்தில் ஊறியது. வங்கிக் கணக்கில் அதைக் குழப்பினால் வேலை போய்விடும். கதிரியக்க அட்டவணைகளில் அது சர்வசாதாரணமாகக் குழம்பிக் கிடக்கிறது.

இடம் என்ற கட்டத்துக்கும் வருவோம். சதுரங்கப்பட்டினம் ஆங்கில அறிக்கையில் சட்ராஸ். ஒரே ஊருக்கு நாலு எழுத்துக்கூட்டல். அட்சரேகை, தீர்க்கரேகை எழுதினால் தீர்ந்தது என்று நினைப்போம். கடற்கரை மணலுக்கு அதுவும் போதாது. கல்பாக்கம் மணலில் ஆங்காங்கே மோனசைட் திட்டுகள் உண்டு. தோரியம் உள்ள கனிமம் அது. வி. கண்ணன், எம்.பி. ராஜன், எம்.ஏ.ஆர். ஐயங்கார், ஆர். ரமேஷ் ஆகியோர் கல்பாக்கத்து மண்ணையும் மணலையும் ஜெர்மானியம் டிடெக்டரில் வைத்துப் பார்த்து 2002-ல் வெளியிட்ட கட்டுரையில், உள்ளே உள்ள மண்ணைவிடக் கடற்கரை மணலில் தோரியம் கூடுதலாக இருப்பது பதிவாகியிருக்கிறது. அது உலையின் வேலை அல்ல, இயற்கையின் வேலை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்து கரையைப் புரட்டிப்போட்டது. அன்று ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலையின் பம்ப் அறையில் கடல்நீர் புகுந்து, உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. கரையின் கனமான மணல் ஓரிடம் விட்டு ஓரிடம் போனது. அதற்குப் பிறகு அதே அட்சரேகையில் அள்ளும் மணல் பழைய மணல் அல்ல. தரவுத்தளத்தில் அந்தத் தேதிக்கு ஒரு கோடு கிழித்து வைக்காவிட்டால், இருபது வருடம் கழித்து யாராவது அந்த ஏற்ற இறக்கத்துக்கு உலையைக் குற்றவாளி ஆக்குவார்கள். அல்லது உலையின் குற்றத்தை மணல் மேல் போடுவார்கள்.

மணல் என்றதும் மணவாளக்குறிச்சி நினைவுக்கு வருகிறது. தென்கோடியிலிருந்து வெளிநாட்டுக்குப் போன முதல் புகழ்பெற்ற கதிரியக்க மாதிரி யாரும் எடுத்து அனுப்பியது அல்ல. ஏற்றுமதியான தேங்காய் நார்க் கயிற்றில் அழுக்காக ஒட்டிக்கொண்டு போனது. அந்த மணலில் மோனசைட் இருப்பதை 1909-ல் கண்டவர் ஜெர்மன் வேதியியலாளர் சி.டபிள்யூ. ஷோம்பர்க். அன்று கேஸ் விளக்கு மேன்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்டது. மோனசைட்டுக்கு நல்ல கிராக்கி. கயிறு எந்தக் கரையிலிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு அவர் திருவிதாங்கூர்ப் பக்கம் வந்து மணவாளக்குறிச்சியைப் பிடித்தார், ஆலையும் வைத்தார். சீட்டில்லாத மாதிரி ஒன்றின் ஊரைக் கண்டுபிடிக்க ஒரு மனிதர் கப்பலேற வேண்டியிருந்தது. லாபம் இருந்ததால் அவர் வந்தார். நம் பழைய நோட்டுகளின் சீட்டைத் தேடி அப்படி யாரும் வரப்போவதில்லை.

சரி, மீனுக்குத் திரும்புவோம். சாம்பலாகி, எண்ணாகிவிட்டது. இனி அது எங்கே போகிறது?

ஆய்வகத்தின் பதிவேட்டுக்கு, அங்கிருந்து மும்பைக்கு, அங்கிருந்து ஒழுங்குமுறை வாரியத்துக்கு. போகிற வழியில் அது மீனாக இருப்பதை நிறுத்திக்கொள்கிறது. ஒருவர் ஆண்டுக்கு இத்தனை கிலோ மீன் தின்பார் என்ற அனுமானத்தால் பெருக்கி, சீசியத்துக்கான ஒரு குணகத்தால் மறுபடி பெருக்கினால் மைக்ரோசீவர்ட் என்ற அலகு வரும். தண்ணீர் வழியாக வந்தது, காற்று வழியாக வந்தது எல்லாவற்றையும் அதோடு கூட்டுகிறார்கள். வாரியத்தின் ஆண்டறிக்கையில் தாராப்பூர், ராஜஸ்தான், கல்பாக்கம், நரோரா, காக்ராப்பார், கைகா, கூடங்குளம் என்று நிலையத்துக்கு நிலையம், ஆண்டுக்கு ஆண்டு பட்டை வரைபடம் வரும். பொதுமக்களுக்கான வரம்பு ஆண்டுக்கு 1,000 மைக்ரோசீவர்ட். பட்டைகள் அதற்கு வெகு கீழே நிற்கும். நம் ஐந்து கிலோ காணாங்கத்தை அந்தப் பட்டையில், அச்சு மையின் தடிமனைவிட மெல்லியதாக, எங்கோ இருக்கிறது.

பட்டை பொய் என்று நான் சொல்லவில்லை. அதை நம்புகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பட்டையிலிருந்து மீனுக்குத் திரும்பி வர வழியில்லை. எத்தனை மாதிரி, எந்த மாதம், எத்தனை பி.டி.எல்., என்ன வரம்பு, எவ்வளவு மீன் தின்பதாக அனுமானம்? காசிமேட்டில் ஒரு மீனவக் குடும்பம் தின்னும் மீனுக்கும் தேசிய சராசரிக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். இன்னொன்றும் உண்டு. கல்பாக்கத்தின் பழைய உலைகளில், கலாண்ட்ரியா என்ற உலைக்கலத்தைச் சுற்றிய கூடத்தில் காற்று நிரம்பியிருக்கும் அமைப்பு. அந்தக் காற்றிலுள்ள ஆர்கான், நியூட்ரான் பட்டு ஆர்கான்-41 ஆகிறது. புகைபோக்கி வழியே வெளியேறும் அதன் அரை ஆயுள் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. மீனிலோ மண்ணிலோ அது தங்காது. அதைப் பிடிக்க ஊர் ஊராகத் தொங்கவிடும் டி.எல்.டி. பட்டைகள்தான் கதி, அவற்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து வந்து சூடேற்றி, வெளிவரும் ஒளியை அளந்து மொத்த அளவைச் சொல்கிறார்கள். ஆக மீனின் அட்டவணையும் டி.எல்.டி. பட்டைகளின் அட்டவணையும் ஒன்றோடொன்று பேசினால்தான் முழுக்கதை. கூடவே இயற்கையின் பொலோனியம்-210 எண்ணையும் பக்கத்தில் வைக்க வேண்டும். கடலுணவு மூலம் நம் உடம்புக்கு வரும் கதிர்வீச்சில் சிங்கத்தின் பங்கு அதனுடையது. சீசியம் எங்கோ பின்னால்.

மற்ற நாடுகள் என்ன செய்தன? ஐரோப்பாவில் 1957-ன் யூராட்டம் ஒப்பந்தம், 35, 36-ஆம் பிரிவுகளில், உறுப்பு நாடுகள் கதிரியக்கத்தை அளந்துகொண்டே இருக்க வேண்டும், அளந்ததை ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும் என்று எழுதி வைத்தது. 1986 ஏப்ரலில் செர்னோபில் வெடித்தபோது அந்தப் பிரிவுகளின் லட்சணம் தெரிந்தது. ஆபத்தை முதலில் காட்டிக்கொடுத்தது, ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஊழியரின் காலணியில் ஒட்டியிருந்த கதிரியக்கம். பிறகு நாட்டுக்கு நாடு ஒவ்வோர் அலகில், ஒவ்வொரு படிவத்தில் எண்கள் வந்து குவிந்தன. அவற்றை ஒழுங்குபடுத்தத்தான் இத்தாலியின் இஸ்ப்ராவில் ஒரு தரவு வங்கி எழுந்தது. கடலுக்கென்று சர்வதேச அணுசக்தி முகமையின் மொனாக்கோ ஆய்வகம் தனியாக ஒன்றைத் தொடங்கியது. இன்று மாரிஸ் என்ற பெயரில் யாரும் பார்க்கலாம். கடல்நீர், படிவு, உயிரினம் என்று தனித்தனி அடுக்கு. ஆசிய பசிபிக் நாடுகளுக்கான கடல் கதிரியக்கத் தரவுத்தளம் ஒன்றும் உருவானது. அதில் இந்தியாவும் பங்கேற்றது. அதை வைத்து 2004-ல் சீசியம், புளுட்டோனியம் அளவுகள் பற்றிய கட்டுரையும் வந்தது. ஆக, நம் கடலின் எண்களை வரிவரியாகத் தர முடியாது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. வெளியே தந்து பழக்கம் இருக்கிறது.

2011-ல் ஃபுகுஷிமா. அரசு எண்களை நம்பாத ஜப்பானியர்களோடு ஷான் போனர், பீட்டர் ஃப்ராங்கன், ஜோய் இட்டோ ஆகியோர் சேர்ந்து சேஃப்காஸ்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். மதிய உணவு டப்பா அளவில் ஒரு பெட்டி. உள்ளே கைகர் குழாயும் ஜி.பி.எஸ்ஸும். கார் ஜன்னலில் மாட்டிக்கொண்டு போனால் ஐந்து விநாடிக்கு ஒரு வரி பதிவாகும். பத்துக் கோடிக்கும் மேல் வரிகள் சேர்ந்துவிட்டன, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இதில் எனக்குப் பிடித்தது பெட்டி அல்ல. அவர்கள் மைக்ரோசீவர்ட்டை மட்டும் வைத்துக்கொள்ளாமல், நிமிடத்துக்கு எத்தனை எண்ணிக்கை என்ற மூல எண்ணையே வரியில் வைத்தார்கள். அந்தக் குழாய்க்கு நிமிடத்துக்கு 334 எண்ணிக்கை என்றால் மணிக்கு ஒரு மைக்ரோசீவர்ட் என்ற மாற்றுக் கணக்கு நாளை தவறென்று தெரிந்தாலும், பத்துக் கோடி வரியையும் ஒரே ராத்திரியில் திருத்திவிடலாம். ஜப்பான் அரசும் சும்மா இருக்கவில்லை. 2012 ஏப்ரலில் பொது உணவுக்குக் கிலோவுக்கு 100 பெக்கரல் என்று வரம்பை இறுக்கி, சோதனை முடிவுகளை மீன்மீனாக, காய்காயாக வெளியிட்டது. கிடைக்காத இடத்தில் பூஜ்யம் போடவில்லை; 'இதற்குக் கீழே' என்ற குறியோடு கண்டறியும் வரம்பைப் போட்டது.

இந்தியாவிலும் ஒரு மையத் தரவுத்தளம் இருக்கிறது, இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஐ.இ.ஆர்.மான் என்ற வலையமைப்பில் நாடு முழுக்க ஐந்நூறுக்கும் மேற்பட்ட இடங்களில் பாபா மையம் கருவி வைத்திருக்கிறது. சூரிய ஒளியில் இயங்கும் கம்பத்தில் கைகர் குழாய், செல்பேசி வலை வழியாக மும்பைக்குத் தகவல். எங்கோ ஒரு நாட்டில் விபத்து நடந்து மேகம் வந்தால் மணிக்கணக்கில் தெரிந்துவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் கம்பம் காமாக் கதிரின் வேகத்தைத்தான் சொல்லும். அது சீசியமா, ரேடானின் பிள்ளைகளா, மழை நாளின் ஏற்றமா என்று சொல்லாது. மீனைத் தின்னாது, பாலைக் குடிக்காது. கம்பத்தின் எண் கணினிக்குத் தானாகப் போய்விடுகிறது, நடுவில் மனிதர் இல்லை. மாதிரியின் எண் அப்படியல்ல. அதற்குப் பின்னால் கத்தி, அடுப்பு, தராசு, இரவு, நோட்டு, பத்துப் பன்னிரண்டு மனிதக் கை. அதனால்தான் முதலாவது சுலபமாகத் தரவுத்தளமாகியது. இரண்டாவது அலமாரியில் இருக்கிறது.

சட்டமும் அலமாரிக்குச் சாதகமாகவே இருந்தது. பல பத்தாண்டுகள் இத்துறையை ஆண்ட 1962-ன் அணுசக்திச் சட்டம், 18-ஆம் பிரிவில், தகவல் வெளியீட்டைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. உலையின் வரைபடத்துக்கு அது பொருந்தும் என்றால் புரிகிறது. காணாங்கத்தைக்கு எதற்கு ரகசியம்? இந்த நாடு அணுவிஷயத்தில் எப்போதும் வாய்மூடி இருந்ததில்லை என்பதும் நினைவில் வைக்க வேண்டியது. 1956-ல் அணுகுண்டுச் சோதனைகளின் விளைவு பற்றி டி.எஸ். கோத்தாரி தலைமையில் அரசே ஒரு புத்தகம் வெளியிட்டது, நேரு முன்னுரை எழுதினார். குண்டு வெடிப்பவர்கள் மூடி மறைத்த எண்களை உலகுக்கு எடுத்துச் சொன்ன தேசம் இது. தன் எண்களைச் சொல்லத் தயங்குவானேன்?

தரவுத்தளம் கட்ட எவ்வளவு செலவு என்று யாராவது கேட்டால் சிரிப்புதான் வரும். ஐம்பது ஆண்டு மாதிரிகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஓஎம்ஆரில் ஒரு சாதாரண மடிக்கணினியின் மூலையில் அடங்கும். வரி ஒன்றுக்கு இருபது கட்டம் இருந்தால் ஏராளம்: என்ன பொருள், எங்கே, எப்போது எடுத்தது, எப்போது எண்ணியது, மூன்று எடை, எந்தக் கருவி, எவ்வளவு நேரம், மூல எண்ணிக்கை, பின்னணி, முடிவு, பிழை, வரம்பு, யார் சரிபார்த்தது. இவ்வளவுதான். வேலை என்பது மென்பொருளில் இல்லை. பழைய நோட்டுகளைத் திறந்து, பிக்கோகியூரியை மாற்றி, சாம்பலா ஈரமா என்று தேடி, தெரியாத இடத்தில் தெரியவில்லை என்றே எழுதி ஏற்றும் பொறுமையில் இருக்கிறது. அந்த நோட்டுகளை எழுதிய தலைமுறை ஓய்வுபெற்றுவிட்டது. அவர்கள் இருக்கும்போதே உட்கார வைத்துக் கேட்டால் பாதிச் சந்தேகம் தீரும்.

வட்டத்துக்கு வெளியே கொட்டிவாக்கம் போன்ற ஒரு கரையிலும் மாதிரி எடுக்க வேண்டும் என்பது என் இரண்டாவது கோரிக்கை. உலையின் நிழல் படாத இடத்தின் எண் பக்கத்தில் இருந்தால்தான் சதுரங்கப்பட்டினத்தின் எண்ணுக்கு அர்த்தம். இரண்டும் ஒன்றாக இருந்தால் அது குண்டுச் சோதனையின் எச்சம். அணுமின் நிலையம் தலைநிமிர்ந்து அதைக் காட்டலாம். ஒளித்து வைப்பதால் நிலையத்துக்குக் கிடைக்கும் லாபம் என்னவென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எண் தெரியாத இடத்தில் வதந்தி குடியேறுகிறது. ஒவ்வொரு புற்றுநோய்க்கும் ஒரு தரப்பு உலையைக் காரணம் சொல்கிறது, இன்னொரு தரப்பு எல்லாம் வரம்புக்குள் என்று ஒரே வரியில் முடிக்கிறது, இரண்டையும் சரிபார்க்க மக்களிடம் ஒன்றும் இல்லை.

2006-ன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, புது உலை வரும்போதெல்லாம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துகிறது. கல்பாக்கத்திலோ கூடங்குளத்திலோ அடுத்த கூட்டம் வரும்போது, மைக் கைக்கு வந்தால், "கதிர்வீச்சு இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், "வரம்புக்குள் இருக்கிறது" என்று பதில் சொல்லி மைக்கை வாங்கிக்கொள்வார்கள். மீன் மாதிரிகளின் பட்டியலை, எடுத்த தேதியோடும் ஈர எடையோடும் கண்டறியும் வரம்போடும், கணினியில் திறக்கும் கோப்பாக, வரிவரியாகக் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுகிறவர்களும் இதே வார்த்தைகளில் கேட்கலாம்.